2 நாளு, 6,000 ரூவா, ஒரு இண்டி பாட்டு: மியூசிக் வீடியோ பிளான் சரியா வருமா?

கொக்கிரகுளம்_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைல விஸ்காம் மூணாவது வருசம் படிக்கேன், பைனல் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு மியூசிக் வீடியோ பண்ணுதோம். பாட்டு என் பிரெண்டோடது, அவனே எழுதி அவனே பாடி ரூம்லயே ரெக்கார்ட் பண்ணுனான், 3 நிமிசம் 40 செகண்ட், 96 பிபிஎம் (நிமிசத்துக்கு 96 தட்டு). அவங்க வீடு முக்கூடல் பக்கம், அவங்க அம்மா பீடி சுத்துதாங்க, அவன் காலேஜ் பீஸ் கட்டுனதே அதுலதான், பாட்டும் அதப் பத்திதான், ராத்திரி இவன் படிச்சிட்டு இருக்கும்போது அம்மா கத்திரி சத்தம் பக்கத்துல திண்ணைல கேட்டுக்கிட்டே இருக்கும்னு ஆரம்பிக்கும். சரணத்துக்கு முன்னாடி நிஜ மகுடம், அதான் அந்தத் தோல் மேளம், வருது, கணியான் கூத்துக்கு வாசிக்கிற ஒரு பெரியவர்கிட்ட போய் ரெக்கார்ட் பண்ணி வாங்கிட்டு வந்தோம், பாட்டுக்கு உசுரே அதுதான்.

ஆளு மொத்தம் 4 பேர். ஒரு மிரர்லெஸ் கேமரா கடன் வாங்கியிருக்கோம், ரெண்டு போன் இருக்கு. கையில 6,000 ரூவா. சித்திரை பொறந்த உடனே ரெண்டு நாள்ல எடுத்து முடிக்கணும். இப்போதைக்கு பிளான்: மொத நாள் காலைல மணிமுத்தாறு அருவி, மத்தியானம் பணகுடி பக்கம் கரண்ட் எடுக்கிற காத்தாடி, சாயங்காலம் உவரி கடற்கரை. ரெண்டாவது நாள் திசையன்விளை பக்கம் செவ்வல் தேரி (செம்மணல் மேடு), அப்புறம் நெல்லையப்பர் ரதவீதி, கடைசியா குறுக்குத்துறை படித்துறை. அங்கங்க நின்னு பாடுற மாதிரி, நடக்கிற மாதிரி. ட்ரோன் ஒருத்தர் தாரேன்னு சொல்லியிருக்காரு. இது நடக்குமா, எதத் தூக்கலாம், லிப் சிங்க் (பாட்டுக்கு ஏத்த மாதிரி வாயசைக்கிறது) எப்படி எடுக்கணும், அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க.

ஜங்ஷன்_வீடியோ:

தம்பி, கல்யாண வீடியோ, கோயில் கொடைத் திருவிழா எல்லாம் ரொம்ப வருசமா எடுக்கேன், அதனால வெளிப்படையாவே சொல்லுதேன், கோவிச்சுக்காதீங்க. உங்க பிளான்ல பாட்டு எங்க இருக்கு? மணிமுத்தாறு மேக்க, உவரி தென்கெழக்கு, பணகுடி தெக்க. ஒரே நாள்ல இந்த மூணுக்கும் ஓடுனா பாதிப் பகல் வண்டிலயே போயிரும், பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் அந்த 6,000மும் காலி. அதவிட முக்கியம், பாட்டு ஒரு வீட்டுத் திண்ணைல நடக்குது, நீங்க ஊரு முழுக்கச் சுத்திக் காட்டப் போறீங்க. பையன் தேரிக்காட்டுல நின்னு அம்மாவ நெனச்சுப் பாடுனா பாக்குறவங்களுக்கு என்னத்த ஒட்டும்?

இன்னொண்ணு வெயிலு. சித்திரை பொறக்குற சமயம் நம்ம ஊருல மத்தியானம் சூரியன் உச்சந்தலைக்கு நேரா நிக்கும், ஏப்ரல் நடுவுல நிழலு காலுக்கு அடியிலேயே கெடக்கும். அப்ப மூஞ்சிய எடுத்தா கண்ணு ரெண்டும் குழியா கருப்பா விழும், எந்த கலர் கரெக்ஷன் போட்டாலும் சரியாவாது. காலைல 6.10 வாக்குல சூரியன் வருது, அதுலருந்து 8 மணி வரைக்கும் எடுங்க, பொறவு 5 மணிலருந்து 6.30 வரைக்கும். நடுவுல வீட்டுக்குள்ள எடுக்க வேண்டியத எடுங்க, இல்ல தூங்குங்க. திண்ணை கெழக்க பாத்தா காலைல, மேக்க பாத்தா சாயங்காலம், மொதல்ல ஒரு நாள் சும்மா போயி வெளிச்சம் எங்கன விழுதுன்னு பாத்துட்டு வாங்க. கேமராவே வேண்டாம், போன்ல ஒரு மணி நேரத்துக்கு ஒரு போட்டோ போதும்.

பிளான் போடுறதுக்கு நான் பண்ணுறது இதுதான். 96 பிபிஎம்னா ஒரு தட்டு 0.625 செகண்ட், நாலு தட்டு சேந்தா 2.5 செகண்ட். உங்க பாட்டு 220 செகண்ட், அப்ப மொத்தம் 88 கட்டம். கணக்கு நோட்டுல 88 கட்டம் போட்டு, பாட்டப் போட்டுக் கேட்டுக்கிட்டே ஒவ்வொரு கட்டத்துலயும் என்ன தெரியணும்னு பென்சில்ல எழுதுங்க. ஒரே ஷாட் அஞ்சு கட்டம் நிக்கலாம், மகுடம் வர்ற எடத்துல ஒரு கட்டத்துலயே ரெண்டு ஷாட் மாறலாம். எழுதும்போதே தெரிஞ்சிரும் எந்தக் கட்டத்துக்கு உங்ககிட்ட ஒண்ணுமே இல்லன்னு. அங்கதான் எல்லாரும் ட்ரோன் ஷாட்டப் போட்டு ரொப்புவாங்க.

டைம்லைன்_மாரி:

அண்ணாச்சி சொன்ன கட்டம் கணக்கு அருமை. நான் லிப் சிங்க் மட்டும் சொல்லுதேன், எடிட்டிங்தான் என் வேலை.

எல்லா கேமராவையும் 25 எஃப்பிஎஸ்ல (செகண்டுக்கு 25 ஃப்ரேம்) வைங்க, ஷட்டர் 1/50. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ட்யூப் லைட்டு செகண்டுக்கு 100 தடவ மின்னும், ஷட்டர அதுக்கு ஒத்துவராத வேகத்துல வச்சா வீடியோவுல பட்டை பட்டையா ஓடும். போன்ல சாதாரண கேமரா ஆப்ல எடுக்காதீங்க, அது எஃப்பிஎஸ்ஸ அதுவா ஏத்தி இறக்கும், மொத வரில சரியா இருக்கும், மூணாவது நிமிசத்துல உதடு ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் போயிரும். நாங்க காலேஜ்ல மொத மொதலா எடுத்த வீடியோ இப்பிடித்தான் போச்சு, ரெண்டு ராத்திரி உக்காந்து துண்டு துண்டா வெட்டி ஒட்டுனோம், அப்பயும் சரியா வரல. பிளாக்மேஜிக் கேமரா ஆப் ஃப்ரீயாவே கெடைக்கி, அதுல 25ன்னு பூட்டி வச்சிரலாம். வைட் பேலன்ஸையும் (வெளிச்சத்துக்கு ஏத்த கலர் செட்டிங்) பூட்டிருங்க.

பாட்ட எம்பி3யா இல்லாம வேவ் ஃபைலா வச்சுக்கோங்க, பாட்டுக்கு முன்னாடி நாலு தட்டு க்ளிக் சத்தம் சேருங்க, பாடுறவன் மூச்சு எடுக்க எடம் கெடைக்கும். ஸ்பீக்கர்ல சத்தமாப் போடுங்க, கேமரா மைக் கண்டிப்பா ஓடணும், அந்தச் சத்தத்த வச்சுத்தான் டைம்லைன்ல ஒரிஜினலோட சேப்போம். ஆனா ஒண்ணு, கேமராவ 35 மீட்டர் தள்ளி வச்சு ஜூம் பண்ணி எடுத்தா சத்தம் கேமராவுக்கு வந்து சேரவே கிட்டத்தட்ட பத்துல ஒரு செகண்ட் ஆவும், அதாவது ரெண்டு மூணு ஃப்ரேம். எடிட்ல அத நகத்திக்கணும், இல்லன்னா ஏதோ இடிக்குதேன்னு தோணும், என்னன்னு புடிபடாது.

ஸ்லோ மோஷன்ல பாடணும்னா பாட்ட ரெண்டு மடங்கு வேகமாக்கி ஒரு ஃபைல் பண்ணுங்க, அடாசிட்டில பண்ணலாம். அத ஓடவிட்டு அவன் அதே வேகத்துல வாயசைக்கணும், 50 எஃப்பிஎஸ்ல எடுத்து 25ல போட்டா உதடு பாட்டோட சேரும், முடி, துணி, தூசி எல்லாம் மெதுவா அசையும். வாய் ரொம்ப வேகமா அசையணும், அதனால ரெண்டு வரிக்கு மேல ஆசப்படாதீங்க, வீட்டுலயே பழகிட்டு வரச் சொல்லுங்க. மத்த எதுக்கும் முன்னாடி முழுப் பாட்டையும் ஒரே டேக்ல நடுவுல நிறுத்தாம ஒரு தடவ எடுத்து வச்சிருங்க. அது ஒண்ணு கையில இருந்தா எது கெட்டுப்போனாலும் வீடியோ நிக்கும்.

கொக்கிரகுளம்_தம்பி:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, நன்றி மாரி அண்ணே. ராத்திரியே நோட்டப் போட்டு உக்காந்தோம், உண்மைதான், 88ல 31 கட்டத்துக்கு "அருவி", "காத்தாடி"ன்னு சும்மா எழுதியிருந்தோம். ஒரு சங்கடம் என்னன்னா அவங்க அம்மா கேமரான்னாலே கூச்சப்படுதாங்க, "என்னய எதுக்குய்யா எடுக்கிய, நல்ல எடமாப் பாத்து எடுங்க"ன்னு சொல்லுதாங்க. அதனாலதான் வெளில போவோம்னு நெனச்சது. அவங்களுக்குப் பதிலா வேற யாரையாவது நடிக்க வைக்கலாமா?

ஆலங்குளத்து_அக்கா:

தம்பி, நடிக்கல்லாம் வைக்காதீங்கய்யா. எங்கம்மாவும் பீடி சுத்துனவங்கதான், நானும் பத்தாவது வரைக்கும் சுத்தியிருக்கேன். தெரியாதவங்க கையப் பாத்தாலே தெரிஞ்சிரும்.

கேமராவ எடுத்துட்டுப் போய் மொத நாளே நிக்காதீங்க. சும்மா போயி உக்காருங்க, இலை வெட்டிக் குடுங்க, காப்பி குடிங்க. மூஞ்சியக் காட்டணும்னு என்ன இருக்கு? கையக் காட்டுங்க. நனைச்ச இலைய ஈரச் சாக்குலருந்து எடுத்து உதறுவாங்க, அந்த ஈர வாசம் வீடியோல வராது, ஆனா இலை நுனில நிக்கிற சொட்டுத் தண்ணி தெரியும். தகட்ட வச்சு சுத்திக் கத்திரி போடுவாங்க, தூளு வச்சு உருட்டி நூலக் கட்டி வாய மடக்கி சொளவுல போடுவாங்க, இது அத்தனையும் கண்ணு பாக்காமயே நடக்கும், கண்ணு எங்க மேல இருக்கும், வாயி "பாடத்தப் படி"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கும். பெருவிரல் நுனில தூளு ஏறி ஒரு பழுப்பு நெறம் நிக்கும், எத்தனை சோப்பு போட்டாலும் போவாது. பள்ளிக்கூடத்துல பேப்பர்ல கையெழுத்துப் போட வரும்போது எங்கம்மா அந்த விரல உள்ள மடக்கிக்கிடுவாங்க, எனக்கு அது இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்கி.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். பாவப்பட்ட மாதிரி காட்டாதீங்க. அழுற மாதிரி, கிழிஞ்ச சேலை, சோகமா வயலின், அதெல்லாம் வேண்டாம். ஆயிரம் சுத்துனா இவ்வளவு கூலின்னு கணக்கு வச்சு, அதுலயும் கடைல சரியில்லன்னு கழிச்சது போவ, பிள்ளைய காலேஜ் வரைக்கும் கொண்டுவந்தவங்க அவங்க. சுத்தும்போது எங்க தெருவுல பேச்சும் சிரிப்பும்தான் இருக்கும், அஞ்சாறு பேரு சேந்து உக்காந்தா ஊருக் கதை முழுக்க அங்கதான். அதையும் எடுங்க. எடுத்து முடிச்சு வெளியிடுறதுக்கு முன்னாடி மொதல்ல அவங்ககிட்ட போட்டுக் காட்டுங்க, அவங்க வேண்டாம்னு சொல்லுற ஷாட்ட எடுத்திருங்க. ஒரு நாளு எடுக்கீங்கன்னா அவங்களுக்கு அன்னைக்குக் கூலி போவும், அந்தக் காசையும் உங்க 6,000லருந்து மொதல்ல எடுத்து வைங்க.

பொருநை_கரை:

அக்கா சொன்னதுக்கு மேல சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல, எழுத்து வேலைய மட்டும் சொல்லுதேன்.

பீடிக் கட்டுல இருக்குற லேபிள், கம்பெனி பேரு எதுவும் ஷாட்ல வரக்கூடாது, 2003 புகையிலைச் சட்டம் விளம்பரத்தத் தடை பண்ணுது. யாரும் குடிக்கிற மாதிரியும் வேண்டாம், உங்க பாட்டுக்கு அது தேவையும் இல்ல. 1957 காப்புரிமைச் சட்டத்துல வரி, இசை, ஒலிப்பதிவு மூணும் தனித்தனி உரிமை. எல்லாம் பிரெண்டோடதுதான்னாலும் ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து வாங்குங்க, காலேஜ்லயும் கேப்பாங்க. பாட்ட ஏற்கனவே ஏதாவது டிஸ்ட்ரிப்யூட்டர் (பாட்டு ஆப்புகளுக்கு ஏத்திக் குடுக்கிறவங்க) வழியா ஏத்தியிருந்தா யூட்யூப்ல உங்க வீடியோ மேலயே காப்புரிமை க்ளெய்ம் விழும், ஏத்துறதுக்கு முன்னாடியே அவங்களுக்கு எழுதிச் சொல்லிருங்க.

மணிமுத்தாறு அருவி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள வருது, வனத்துறை அனுமதி இல்லாம ஷூட்டிங் சாமானோட உள்ள போவ முடியாது. ட்ரோன் 250 கிராமுக்குள்ள இருந்தா பைலட் சான்றிதழ் வேண்டாம், ஆனா எங்க பறக்கலாம்னு அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்ல பாக்காமப் பறக்காதீங்க, கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம் ரெண்டும் நம்ம மாவட்டத்துலதான் இருக்கு. கோயில் பக்கமும் கேக்காம எடுக்காதீங்க, நாங்க ஒரு கோயில்ல சும்மா ரெண்டு ஷாட்டுதானன்னு போயி கேமராவ சாயங்காலம் வரைக்கும் வாங்கி வச்சுக்கிட்டாங்க, அன்னைக்கு வெளிச்சம் முழுக்கப் போச்சு.

ஆத்துல எறங்குற ஷாட் இருந்தா ரொம்ப கவனம். அணைல தண்ணி தொறந்துவிட்டா படித்துறைல நிக்கும்போதே ஏறும், பாறை எல்லாம் பாசி. 2023 டிசம்பர் வெள்ளத்துல இந்தத் தாமிரபரணி என்ன பண்ணுச்சுன்னு நாம எல்லாரும் பாத்தோம். கரைலயே நின்னு எடுங்க, குளிக்கிறவங்க ஃப்ரேம்ல வராமப் பாத்துக்கோங்க.

கடைசியா ஒண்ணு, அந்த மகுடக்காரர் உங்க பிளான்ல எங்கயுமே இல்லியே? பாட்டுக்கு உசுருன்னு நீங்களேதான் எழுதியிருக்கீங்க. சித்திரை வைகாசில அவருக்குக் கொடை இருக்கும், வரிசையா ராத்திரி ராத்திரி கூத்து. மொதல்ல அவரு தேதிய வாங்குங்க, மத்த எல்லாத்தையும் அதுக்கேத்த மாதிரி மாத்துங்க. காசும் பேரும் சரியாப் போடுங்க.

ஜங்ஷன்_வீடியோ:

நல்லாச் சொன்னீங்க. வாசிக்கிறதுக்கு முன்னாடி மகுடத்துத் தோல தீயில காட்டி முறுக்கேத்துவாங்க பாத்திருக்கீங்களா, ஓலையக் கொளுத்தி வட்டமா திருப்பித் திருப்பிக் காட்டி, நடுநடுவுல விரலால தட்டிப் பாப்பாங்க, சத்தம் ஏற ஏற முகம் மாறும். கொடைல எத்தனையோ தடவ எடுத்திருக்கேன், எனக்கு அலுக்கவே இல்ல.

கொக்கிரகுளம்_தம்பி:

நாலு நாளா பதில் போட முடியல, மன்னிச்சுக்கோங்க. மூணு நாளு அவங்க வீட்டுலதான் கெடந்தோம். கேமராவே எடுக்கல. அக்கா சொன்ன மாதிரி இலை வெட்டப் போயி நான் வெட்டுன பாதிய அம்மா திரும்ப வெட்டுனாங்க. மூணாவது நாள் அவங்களாவே "கையத்தான எடுக்கப் போறிய, எடுத்துக்கோங்க, மூஞ்சி வேண்டாம்"னு சொல்லிட்டாங்க.

அருவி, காத்தாடி, உவரி, தேரி, ரதவீதி, ட்ரோன் எல்லாத்தையும் தூக்கியாச்சு. படித்துறையும் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். ரெண்டு எடம்தான், திண்ணையும் மகுடக்காரர் வீட்டு முற்றமும். திண்ணை கெழக்க பாத்தது, அதனால மொத நாள் காலைல அம்மா கை, தெருவுல மத்த அம்மாமார்கள், 8 மணிக்கு மேல உள்ள அவன் படிக்கிற மூலை, ராத்திரி ஒரே மஞ்ச பல்புல அவன் முழுப் பாட்டையும் ஒரே டேக்ல பாடுறது. அவருக்குக் கொடை இல்லாத நாளு ஒண்ணுதான் கெடச்சிது, அதுதான் ரெண்டாவது நாளு. 6,000ல அம்மாவுக்கு ஒரு நாள் கூலி, அவருக்கு ஒரு தொகை எடுத்து வச்சாச்சு, மிச்சம் சாப்பாடு, பஸ், ஒரு ஹார்ட் டிஸ்க் வாடகை. நோட்டுல இப்ப 88ல 79 கட்டம் ரொம்பியாச்சு, எல்லாம் கைதான், கத்திரி புடிச்ச கை, பேனா புடிச்ச கை, மகுடம் தட்டுற கை.

மாரி அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 10 செகண்ட் பாட்டே இல்லாம அவரு ஓலைல தோலக் காய்ச்சுற சத்தமும், அடுத்து அம்மா கத்திரிச் சத்தமும் மட்டும் வைக்கணும்னு நெனைக்கோம். கேமரா மைக் போதுமா, இல்ல போன பக்கத்துல வச்சுத் தனியா ரெக்கார்ட் பண்ணணுமா?

டைம்லைன்_மாரி:

தனியாப் பண்ணுங்க தம்பி. போன ஏரோப்ளேன் மோட்ல போட்டு, ரெண்டு சாண் தள்ளி, நெருப்புக்கும் காத்துக்கும் எதிர்ப் பக்கமா வைங்க, மேல ஒரு கைக்குட்டையச் சுத்திருங்க. கத்திரிச் சத்தத்த ராத்திரி 11 மணிக்கு மேல எடுங்க, ஃபேன நிறுத்திட்டு. எடுத்ததும் எனக்கு அனுப்புங்க, நான் கேட்டுச் சொல்லுதேன்.