பில்புல் (யூதச் சட்டநூலான டால்முட்டைப் படிப்பவர்கள் செய்யும் நுணுக்க வாதம்): ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை எங்கே, எப்படிப் பார்த்தீர்கள்?

சொல்தேடி
பெரும்பாலும் திட்டாகத்தான் வரும். தீர்ப்பையோ வரிச்சட்ட விளக்கத்தையோ சாடும் பத்திகளில் 'இது வெறும் பில்புல்' என்றால், இல்லாத வேறுபாட்டை இழுத்துவைத்து வாதாடுகிறார்கள் என்று அர்த்தம். 'டால்முடிக்', அதாவது டால்முட் பாணி என்ற சொல், அவ்வளவு கடுமையில்லை; நுட்பம் என்ற பாராட்டுக்கும் ஓடும், சிக்கல் என்ற சலிப்புக்கும் ஓடும். பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு கட்டணும். உச்சரிப்புக்குத் தமிழன் சிரமப்பட வேண்டாம்: பில், அப்புறம் மாடு மேயும் புல்.

மிளகுரசம்
எபிரேயத்தில் 'பில்பெல்' என்றால் மிளகு. காரமான வாதம் என்பதால் இந்தப் பெயர் என்பார்கள். அந்தப் பில்பெல், ஆங்கில 'பெப்பர்' இரண்டுக்கும் மூலம் சமஸ்கிருத 'பிப்பலி', அதாவது நம்ம திப்பிலி. ஆக ஆங்கிலத்துக்குள் ஒரே சரக்கு இரண்டு வழியாக இறங்கியிருக்கிறது.

ஏடுபுரட்டி
மூலத்தில் இது வசவே இல்லை. தோராவை, அதாவது யூத வேதத்தை, அடைய 48 வழிகள் என்று 'பிர்க்கே அவோத்' என்ற யூத அறநூலின் 6-ஆம் அதிகாரம் அடுக்குகிறதே, அதில் மாணவரோடு செய்யும் பில்புலும் ஒன்று. செத்தபின் மனிதனிடம் கேட்கப்படும் கேள்விகளில் 'ஞானத்தில் பில்புல் செய்தாயா' என்பதும் உண்டு (டால்முட், ஷபாத் 31).

பெயர் கெட்டது பின்னால். 1500-களில் போலந்தில் யாக்கோபு பொல்லாக் என்ற யூத குருவோடு சேர்த்துப் பேசப்படும் முறை இப்படி: டால்முட்டில் வேறு வேறு இடத்தில் இருக்கும் இரண்டு பகுதிகளை எடு, முரண்படுகின்றன என்று காட்டு, பிறகு 'ஹில்லுக்', அதாவது ஒரு வேறுபாட்டைச் சொல்லி இரண்டையும் காப்பாற்று. அந்த வேறுபாடு மூலத்தில் இருந்தால் அது படிப்பு. இல்லாததைக் கற்பித்து, அதைத் தாங்க இன்னொன்று, அதன்மேல் மூன்றாவது என்று போனால்தான் வினை. இதற்குப் பதில் தச்சுவேலை கற்கலாம் என்றே பிராகா நகர யூத குரு மஹரால் கடிந்துகொண்டார். பாபிலோனில் யூதக் கல்விக்கூடம் இருந்த பும்பெதித்தா ஊரைச் சொல்லி, டால்முடே இந்த மாதிரி வாதத்தைக் கிண்டலடித்திருக்கிறது: 'நீ பும்பெதித்தாக்காரனோ? அங்கேதான் ஊசிக் காதில் யானையை நுழைப்பார்கள்' (பாவா மெத்சியா 38).

மெய்ப்புமேசை
தமிழில் 'விதண்டாவாதம்' என்று போட்டுவிடுகிறார்கள். பொருந்தாது. நியாயம் என்ற இந்தியத் தர்க்க நூல்படி விதண்டை செய்பவனுக்குச் சொந்தக் கட்சி கிடையாது, எதிராளியை உடைப்பதோடு சரி. பில்புல்காரனுக்கோ இரண்டு பகுதியும் நிற்கணும்.

ஆங்கிலத்தில் வசவாக வந்தால் 'குதர்க்கம்' போதும். படிப்புமுறையைப் பற்றிய இடமென்றால் 'பில்புல்' என்றே வைத்து அரைவரி விளக்கம் சேருங்கள். மூன்றாவது வகையில்தான் கவனம் வேண்டும். யூதர்கள் என்றாலே ஏமாற்றுப் பேச்சு என்ற தொனியில் இணையத்தில் இதை வீசுகிறார்கள். அது இனவெறுப்பு, அங்கே 'நுணுக்கவாதம்' என்று பூசி மெழுகினால் விஷம் மறைந்துபோகும்.

சொல்தேடி
ஆங்கில அகராதி தரும் விளக்கத்தை அப்படியே 'மயிர் பிளத்தல்' என்று பெயர்த்துவிடாதீர்கள். நம்ம ஊரில் அது வேறு வசவு.