வைஃபை கனெக்ட் ஆகுது, நெட் வரல: குடும்பக் குழுவில்

மாலதி: பிரபு, போன்ல வைஃபை கனெக்ட் ஆகுது, ஆனா ஒண்ணும் ஓப்பன் ஆகல. கவிதா போன்ல மட்டும் நல்லா ஓடுது. பெட்டிக்குப் பின்னாடி குட்டி ஓட்டை இருக்கே, ஊசி விட்டு அமுக்கிடவா?

பிரபு: அத்தை வேண்டாம்!! அது ரீசெட். பத்து செகண்ட் அமுக்கினா நெட் கம்பெனி போட்டு வெச்ச யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சிடும். அவங்க ஆள் வந்துதான் திரும்பப் போடணும்.

பிரபு: ஃபைபர் வயர் வர்ற பெட்டியில பான், எல்ஓஎஸ்னு ரெண்டு லைட் இருக்கும். எப்படி எரியுது?

கவிதா: பான் பச்சையா நிலையா இருக்கு அண்ணா. எல்ஓஎஸ் எரியல.

செந்தில்: அப்போ லைன் சரியா இருக்கு. எல்ஓஎஸ் சிவப்பா எரிஞ்சா ஃபைபர்ல சிக்னலே வரலைன்னு அர்த்தம், வயர் எங்கயாவது மடங்கியோ அறுந்தோ இருக்கும். பான் மினுக்கிட்டே இருந்தா பெட்டி இன்னும் ரிஜிஸ்டர் ஆகல. இங்க ரெண்டும் இல்ல. கோளாறு வீட்டுக்குள்ளதான் அக்கா.

பிரபு: கவிதா, உன் போன், அம்மா போன் ரெண்டுலயும் வைஃபை செட்டிங்ஸ்ல நெட்வொர்க் பேரைத் தொட்டு ஐபி அட்ரஸும் (நெட்வொர்க்ல போனுக்குக் கிடைச்ச அட்ரஸ்) கேட்வேயும் (நெட்டுக்குப் போக போன் தேடற பெட்டியோட அட்ரஸ்) பார்த்து அனுப்பு.

கவிதா: என்னோடது 192.168.1.14, கேட்வே 192.168.1.1
அம்மாவோடது 192.168.0.103, கேட்வே 192.168.0.1

செந்தில்: ரெண்டு கேட்வே இருக்கு பாரு. புதுசா ரவுட்டர் ஏதாவது மாட்டினீங்களா?

கவிதா: ஆமா மாமா, மாடி ரூமுக்கு. கீழ இருக்கிற ஃபைபர் பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து புது ரவுட்டரோட லேன் போர்ட்ல (வீட்டுக்குள்ள இருக்கறதை மாட்டற போர்ட்) சொருகியிருக்கு. வைஃபை பேரும் பாஸ்வேர்டும் கீழ இருக்கிறதேதான்.

பிரபு: அதான் விஷயம். புது ரவுட்டர்லயும் டிஹெச்சிபி, அதாவது போனுக்கெல்லாம் அட்ரஸ் கொடுக்கற வேலை, ஓடிட்டிருக்கு. போன் அட்ரஸ் கேட்டதும் ரெண்டு பேரும் பதில் சொல்றாங்க, யார் முந்திக்கறாங்களோ அவங்க கொடுத்ததைப் போன் எடுத்துக்கும். கீழ் பெட்டி கொடுத்தா நெட் வரும். மாடி ரவுட்டர் கொடுத்தா, அதோட வான் போர்ட் (வெளியிலேர்ந்து நெட் வர்ற போர்ட்) காலியா இருக்கறதால போற வழியே கிடையாது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சில நேரம் சரியான மாதிரி தெரியும், அதுல ஏமாறக் கூடாது.

செந்தில்: இப்பவே நெட் வேணும்னா அந்தக் கேபிளை லேன்லேர்ந்து எடுத்து வான் போர்ட்ல மாட்டு. எல்லார் போன்லயும் வைஃபையை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும், இல்லேன்னா பழைய அட்ரஸே ஒட்டிக்கிட்டிருக்கும்.

மாலதி: என் போன்ல வந்துடுச்சுடா செந்தில்! ஆனா மாடியில நின்னு கீழ இருக்கிற டிவிக்குப் படம் அனுப்பினா போக மாட்டேங்குது.

பிரபு: போகாது அத்தை. இப்ப மாடி தனி நெட்வொர்க், கீழ தனி. பேர் ஒண்ணா இருக்கறதால, மாடிப்படி ஏறி இறங்கும்போது போன் பழைய அட்ரஸைப் பிடிச்சுக்கிட்டு திரும்பவும் நெட் இல்லாம நிக்கும். ஒழுங்கா முடிக்கணும்னா மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாத்தணும், அப்போ அது தனி நெட்வொர்க் போடாம கீழ் நெட்வொர்க்கோட வைஃபையை மட்டும் கொடுக்கும். கவிதா, மாடி வைஃபைல இருந்துக்கிட்டு பிரவுசர்ல 192.168.0.1 அடி, ஆபரேஷன் மோடுன்னு இருக்கா பாரு.

கவிதா: அப்படி ஒண்ணும் இல்லையே அண்ணா.

செந்தில்: அப்போ கையால பண்ணிடலாம். முதல்ல கீழ் பெட்டிக்குப் போற கேபிளைக் கழட்டிடு. மாடி ரவுட்டரோட லேன் ஐபியை 192.168.1.254ன்னு மாத்தி சேவ் பண்ணு. கீழ் பெட்டி போனுக்கெல்லாம் கொடுக்கற அட்ரஸ் வரிசையில 254 வரக் கூடாது, அதையும் பார்த்துக்கோ. ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனதும் புது அட்ரஸ்ல உள்ள போய் டிஹெச்சிபியை ஆஃப் பண்ணு. கடைசியா கேபிளைத் திரும்ப லேன் போர்ட்லயே மாட்டு, வான் காலியா இருக்கட்டும்.

பிரபு: டிஹெச்சிபியை ஆஃப் பண்ணிட்டு ஐபி மாத்தாதே, வரிசை முக்கியம். நடுவுல வைஃபை விட்டுப் போச்சுன்னா அட்ரஸ் கொடுக்க ஆள் இல்லாம உள்ளயே போக முடியாது.

கவிதா: ஆச்சு. அம்மா போன்ல இப்ப 192.168.1.22, கேட்வே 1.1. டிவிக்கும் படம் போகுது 🙏

செந்தில்: வைஃபையோட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில கீழ சேனல் 1, மாடியில 11ன்னு வெச்சிடு. ரெண்டும் ஒரே சேனல்ல இருந்தா ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டே இருக்கும், வேகம் குறையும்.