நிரந்தர வேலையை வைத்துக்கொண்டு இரண்டு வருட ஒப்பந்தத்துக்குப் போகலாமா? போனவர்களும் நின்றவர்களும்

வன்னியூரான்:
பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். பதினொரு வருட சேவை, வயது 38, பிள்ளைகள் இருவர். கட்டாரில் ஒரு கட்டுமானக் கம்பனியில் ஆவணங்களைப் பராமரிக்கும் வேலை சரிவந்திருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தம், அடிப்படைச் சம்பளம் 3,000 ரியால், தங்குமிடம் கம்பனி தரும். கந்தோரில் பாதிப்பேர் "யோசிக்காமல் போ" என்கிறார்கள். மற்றவர்கள் "அரசாங்க வேலையை விட்டிட்டுப் போறதோ" என்று கேட்கிறார்கள். மனைவி முடிவை என்னிடமே விட்டுவிட்டா. இந்த இடத்தில் நின்று யோசித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கரைச்சிக்காரன்:
தம்பி, நானும் அதே பதவிதான். 2022 கடைசியில் தோஹாவுக்குப் போய், ஒப்பந்தம் முடிந்து 2024 இல் வந்து, திரும்பவும் கையொப்பம் வைத்து வேலை செய்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் போன வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பெற்றோலுக்கு இரவிரவாக வரிசை. வருடத் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ஆனது. ஆனியில் அரசாங்கம் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 14/2022 ஐ வெளியிட்டது. அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம், பதவி மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாது என்று அதில் இருந்தது. அந்தச் சுற்றறிக்கை வராமல் இருந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், எங்களுக்குப் போ போ என்று சொல்பவர்கள் பலர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. நான் வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை. அனுமதிக் கடிதத்தோடு போனேன்.

அனுமதி இல்லாமல் போனவரையும் எனக்குத் தெரியும். பக்கத்துக் கந்தோரில் இருந்தவர், நல்ல வேலைக்காரன். சுகயீன லீவு போட்டுவிட்டு, விசிட் விசாவில் துபாய்க்குப் போனார். அங்கே வேலை பொருந்தவில்லை. திரும்பி வர முன்னமே பதவியை வறிதாக்கியதாக, அதாவது தானாகவே வேலையைக் கைவிட்டதாக, கடிதம் வீட்டு விலாசத்துக்கு வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு மேற்பட்ட சேவை. இன்றைக்கும் மேன்முறையீட்டுக் கடிதங்களோடு கொழும்புக்கும் ஊருக்கும் அலைகிறார். அவரைக் காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். ஆகவே தம்பி, விடுமுறை அனுமதி எழுத்தில் உங்கள் கைக்கு வராமல் விமானச்சீட்டு எடுக்க வேண்டாம். நான் போன காலத்து நடைமுறையை வைத்து நம்பிவிடவும் வேண்டாம். இப்போது உங்கள் பதவிக்கு என்ன நிலை என்று நிர்வாகக் கிளையில் நேரே கேளுங்கள்.

அடுத்தது பணம். எல்லோரும் இங்கத்தைய சம்பளத்தையும் அங்கத்தைய சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். நான் போகும்போது ஒரு ரியால் ஏறத்தாழ 99 ரூபா. உங்களுக்குச் சொல்லியிருக்கும் அதே 3,000 ரியால் அன்றைக்கு மூன்று லட்சத்துக்குக் கிட்ட வந்திருக்கும். ரியாலை டொலருக்கு 3.64 என்று கட்டி வைத்திருக்கிறார்கள், அது அசையாது. அசைவது எங்கள் ரூபாதான். 2024 இல் டொலர் 300 அளவுக்கு இறங்கியபோது அதே 3,000 ரியால் இரண்டரை லட்சத்துக்கும் குறைந்துவிட்டது. அதே நேரத்தில் ஊரில் வாழ்க்கைச் செலவுப்படி 7,800 இலிருந்து 17,800 ஆனது. பிறகு 2025 வரவு செலவுத் திட்டத்தில் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 இலிருந்து 40,000 ஆகக் கட்டம் கட்டமாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். நான் போகும்போது கணக்குப் பார்த்த இடைவெளி இரண்டு பக்கத்தாலும் சுருங்கியது.

அதற்காகப் போனது வீண் என்று சொல்லவில்லை. எனக்குத் தேவை இன்னதென்று தெளிவாக இருந்தது: அடகில் இருந்த மனைவியின் நகை, பீலி மட்டத்தில் நின்றுபோன வீடு. இரண்டும் முடிந்தன. முடிந்ததும் வந்துவிட்டேன். என்னோடு தங்கியிருந்தவர்களில் இன்ன வேலைக்கு இவ்வளவு காசு என்று இல்லாமல் "கொஞ்சம் உழைப்பம்" என்று வந்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். உங்களுக்கு அந்தத் தேவை என்ன? அதை உங்கள் கேள்வியில் நான் காணவில்லை.

ஒப்பந்தத்தைப் பற்றி. கொழும்பில் இருக்கிற கட்டார் விசா நிலையத்தில் மருத்துவப் பரிசோதனையும் கைரேகையும் எடுக்கும்போதே ஒப்பந்தத்தையும் காட்டிக் கையொப்பம் வாங்குவார்கள். அவசரப்படாமல் வாசியுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். வேலை முடிந்து வரும்போது தரும் பணிக்கொடை வருடத்துக்குக் குறைந்தது மூன்று வாரச் சம்பளம். அதுவும் அடிப்படையை வைத்துத்தான். ஏஜென்சி சொன்ன 3,000 அங்கே 1,800 உம் 1,200 படியுமாகப் பிரிந்து கிடந்தால் அது வேறு கதை. தகுதிகாண் காலம் ஆறு மாதம் வரை இருக்கலாம், அதற்குள் அவர்கள் உங்களை அனுப்பிவிடவும் முடியும். இரண்டு வருடம் என்பது காகிதத்தில் இருக்கிற இரண்டு வருடம். உலகக் கிண்ணம் முடிந்த பிறகு கட்டுமான வேலை குறைந்து, எங்கள் தங்குமிடத்தில் கட்டில்கள் வெறுமையானதைக் கண்ணால் பார்த்தேன். உங்கள் வேலை எந்தத் திட்டத்தோடு கட்டுப்பட்டது, அது எப்போது முடிகிறது என்று கேட்டு வையுங்கள். 2020 இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமலே கம்பனி மாறலாம் என்பது ஓர் ஆறுதல்.

இன்னொன்று. ஈ.பி. சோதனை, அதுதான் பதவியில் முன்னேற எழுத வேண்டிய வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சை, பாக்கி இருக்கிறதா? இருந்தால் அதை முடித்துவிட்டுப் போங்கள். லீவில் மூப்பு ஓடினாலும் சோதனையை உங்களுக்காக வேறு யாரும் எழுத மாட்டார்கள். நான் முடித்துவிட்டுத்தான் போனேன். வந்து பார்த்தபோது என்னோடு நியமனம் பெற்றவர்களை விடப் பின்தங்கவில்லை. இடம் மட்டும் மாறியது, வேறு பிரதேச செயலகத்தில் விட்டார்கள். அதற்கும் மனதைத் தயார்படுத்துங்கள்.

வன்னியூரான்:
நன்றி அண்ணா. விடுமுறைக்கு மறுத்தால்?

கரைச்சிக்காரன்:
உங்கள் வயதில், பதினொரு வருடத்தை வைத்துக்கொண்டு, நானென்றால் போக மாட்டேன். சேர்ந்து ஒன்றிரண்டு வருடமே ஆன பிள்ளை கேட்டால் வேறு பதில் சொல்வேன்.

முல்லை ஆசிரியை:
நான் போகாமல் நின்றவள், அதையும் எழுதத்தானே வேணும். கணிதம் படிப்பிக்கிறேன். மாலைதீவில் ஒரு பாடசாலையில் ஒரு வருட ஒப்பந்தம், விரும்பினால் நீடிக்கலாம் என்று வந்தது. இங்கே எடுப்பதை விடப் பல மடங்கு. பயணப் பையும் வாங்கிவிட்டேன்.

எங்கள் பாடசாலையில் உயர்தரக் கணிதப் பிரிவுக்கு நான் ஒருத்திதான். நான் போனால் அந்தப் பிள்ளைகள் கலைப்பிரிவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் கிளிநொச்சிக்கு பஸ்ஸில் போய் ரியூசன் எடுக்க வேண்டும். அப்பாவுக்கும் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தச் சுத்திகரிப்பு. இரண்டையும் வைத்து யோசித்தேன், போகவில்லை. தியாகம் என்று யாரும் சொல்ல வேண்டாம். காசில்லாத மாதங்களில் அந்தச் சம்பளத்தை நினைத்து அழுதும் இருக்கிறேன். ஆனால் அந்த வருடப் பிள்ளைகளில் இரண்டு பேர் பொறியியல் பீடத்துக்குப் போனார்கள். அப்பாவின் கடைசி மாதங்களில் நான் பக்கத்தில் இருந்தேன். வருமானக் கணக்கு எழுதும்போது இவற்றுக்கு எந்த நிரலில் இடம் போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தம்பி, உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா?

கோண்டாவில் அக்கா:
போனவரின் மனைவியாக எழுதுகிறேன். "முடிவை என்னிடமே விட்டுவிட்டா" என்ற வரியில்தான் என் கண் நின்றது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அது சம்மதம் இல்லை தம்பி. அவ பயத்தைச் சொல்லாமல் இருக்கிறா. இருத்தி வைத்துக் கேளுங்கள்.

இவர் போகும்போது, அரச ஊழியருக்குக் கொடுத்துச் சம்பளத்தில் கழிக்கிற இடர் கடன் முடியவில்லை. சம்பளம் நின்றதும் கழிப்பதும் நின்றது. பிணை நின்ற இரண்டு உத்தியோகத்தர்களின் சம்பளத்தில் கைவைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒருவர் வீட்டுக்கே வந்தார். கோபமாகப் பேசவில்லை, சங்கடப்பட்டுக்கொண்டு வந்து நின்றார். அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது. அப்போது கூடினால் இரண்டரை லட்சம் வந்த கடன். அதைக் கட்டி முடித்துவிட்டு, அல்லது மாதாமாதம் கட்ட எழுத்தில் ஒழுங்கு செய்துவிட்டுப் போங்கள். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பங்களிப்பும் விடுபடாமல் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு ஏதும் நடந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மிஞ்சுவது அதுதான்.

காணி, வங்கி அலுவல்களை உங்களுக்காக மனைவி செய்ய அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போக வேண்டாம். பிள்ளைகளுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் மூத்தவன் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எடுத்த வருடம் இவர் இல்லை. சின்னவளுக்கு இவர் திரும்பி வந்தபோது முகம் பழக ஒரு மாதம் பிடித்தது. இரண்டும் தாங்கக்கூடியவைதான், தாங்கினோம். முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

வன்னியூரான்:
அக்கா, ஆசிரியை, அண்ணா, மூவருக்கும் நன்றி. நேற்றிரவு மனைவியோடு கதைத்தேன், நீண்ட நேரம். மகனுக்கு அடுத்த வருடம் புலமைப்பரிசில். அம்மாவுக்கு 71 வயது. இடர் கடனில் பாதி இன்னும் இருக்கிறது. திங்கட்கிழமை நிர்வாக உத்தியோகத்தரிடம் விடுமுறை விண்ணப்பம் கொடுக்கிறேன். சேரும் திகதியைப் பரீட்சைக்குப் பிறகு தள்ளிப்போட முடியுமா என்று கம்பனியிடமும் கேட்டு எழுதியிருக்கிறேன். இரண்டில் ஒன்று சரிவராவிட்டாலும் இந்த வேலையை எடுப்பதில்லை என்று இருவரும் சேர்ந்து பேசி முடித்திருக்கிறோம்.