ஏரிக்கரை முகாமில் தங்கிய அனுபவம்: சகாமோர்

ஏரிக்கரையில் பழைய பாணி முகாம்களில் தங்கியவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள், அதனால் சகாமோர் பற்றி என் பங்கு. நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, அடிரொண்டாக் மலைக்காட்டில், ரக்கெட் லேக் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே படிக்கும் அக்கா மகள்தான் அழைத்துப் போனாள்.

முகாம் என்றதும் நமக்குக் கூடாரமும் பள்ளி முகாமும்தான் ஞாபகம் வரும், இது அப்படி இல்லை, பணக்காரர்கள் ஓய்வுக்காகக் காட்டுக்குள் கட்டிய மாளிகை. வில்லியம் வெஸ்ட் டுரான்ட் என்பவர் 1897-இல் கட்டி முடித்தது, 1901-இல் ஆல்ஃபிரட் வாண்டர்பில்ட் வாங்கினார் (அமெரிக்காவின் பெரும் பணக்காரக் குடும்பத்தவர், 1915-இல் லூசிடேனியா பயணிகள் கப்பல் மூழ்கியபோது இறந்தவர்). அவ்வளவு பெரிய பணக்காரர் வீட்டுக்கு வெளிச்சுவர் முழுக்க உரிக்காத ஸ்புரூஸ் மரப்பட்டை! தடவிப் பார்த்தேன், சொரசொரவென்று செதில் செதிலாக இருக்கிறது, ஆனால் உதிரவில்லை. மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டினால்தான் பட்டை அப்படி ஒட்டி நிற்குமாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, எல்லாம் தனித்தனிக் கட்டடமாக இருப்பதுதான். தூங்க ஒன்று, சாப்பிட ஒன்று, படகுக்கு ஒன்று. தீப்பிடித்தால் மொத்தமும் போய்விடக் கூடாது என்பது இப்படிக் கட்டியதற்கு ஒரு காரணம். ஆனால் அதனாலேயே, சாப்பிடப் போக வேண்டுமென்றால் வெளியே வந்து மரங்களுக்கு நடுவே நடந்தாக வேண்டும், வழியில் நாலு பேரைப் பார்ப்போம், பேசுவோம், அப்புறம் சாப்பாட்டுக் கூடத்தில் அவர்களோடுதான் உட்காருவோம். சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கிக்குள் தலைகுனிந்து கைப்பேசி பார்க்கும் எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

மறுமொழி:
நானும் போயிருக்கிறேன். பௌலிங் கூடத்தை விட்டுவிட்டீர்களே! மேலே கூரை, பக்கவாட்டில் திறந்தவெளி, இரண்டே தடம். பந்து உருளும் சத்தம் காட்டுக்குள் போய்த் திரும்பி வரும். ஆனால் நான் அதிக நேரம் நின்றது வேலையாட்கள் பகுதியில்தான். விருந்தினர் கண்ணில் படாமல் தள்ளி இருக்கும் கொல்லன் பட்டறை, தச்சுப் பட்டறை, கொட்டகைகள். கதவுகளில் பார்த்த இரும்பு வேலையெல்லாம் இங்கே அடித்ததுதான். மாநிலக் காட்டு நிலத்தில் கட்டடம் இருக்கக் கூடாது என்ற சட்டத்தால் இவை அழிந்துபோக வேண்டியவை. 1983-இல் நியூயார்க் மக்கள் வாக்களித்து மாநில அரசியலமைப்பையே திருத்தினார்கள், முகாமை நடத்தும் அமைப்பு 200 ஏக்கர் காட்டை மாநிலத்துக்குக் கொடுத்து இந்த 10 ஏக்கரை மீட்டது. மாளிகைக்காக அல்ல, பட்டறைகளுக்காக! லோரோங் புவாங்கோக் கம்பத்தை (பழைய கிராமக் குடியிருப்பு) தவிர, சிங்கப்பூரின் பெருநிலத்தில் வேறு கம்பம் மிச்சமில்லாத ஊரில் இருந்து போனவனுக்கு இது சாதாரணச் செய்தி இல்லை.

மறுமொழி:
குடும்பத்தோடு போக ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று: நம் ஜூன் பள்ளி விடுமுறையில் அங்கே கறுப்பு ஈத் தொல்லை, மே நடுவில் இருந்தே கடிக்கும். பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை எடுத்துப் போங்கள், முடிந்தால் செப்டம்பர் விடுமுறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.