கீக்ளோக் ஒற்றை உள்நுழைவு: பழைய பயனர்களை எப்படி இணைப்பது?

வணக்கம் நண்பர்களே. எங்கள் அலுவலக விடுப்பு விண்ணப்பச் செயலி ஜாங்கோவில் (பைத்தான் வலைச் செயலிக் கட்டமைப்பு) ஓடுகிறது. அதில் கீக்ளோக் என்ற உள்நுழைவுச் சேவையகத்தைக் கொண்டு, ஓப்பன்ஐடி கனெக்ட் (ஓஐடிசி) என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையில் ஒற்றை உள்நுழைவு (ஒரே கணக்கால் பல செயலிகளில் நுழையும் வசதி) சேர்க்கிறேன். இதற்குப் பயன்படுத்தும் நிரல் நூலகம் மொசில்லா ஜாங்கோ ஓஐடிசி.

முதலில் ரீடைரக்ட் முகவரி (உள்நுழைந்தபின் பயனரைத் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி) பொருந்தவில்லை என்று கீக்ளோக் மறுத்தது. செயலி என்ஜின்எக்ஸ் என்ற இடைநிலைச் சேவையகத்துக்குப் பின்னால் இருப்பதால், ஜாங்கோ எச்டிடிபிஎஸ்-க்குப் பதில் எச்டிடிபி முகவரியை அனுப்பியிருக்கிறது. வந்த கோரிக்கை எச்டிடிபிஎஸ்தான் என்று ஜாங்கோவுக்குச் சொல்லும் ப்ராக்ஸி ஹெடர் அமைப்பைச் சேர்த்ததும் அது சரியாகிவிட்டது.

இப்போதுதான் பெரிய சிக்கல். இந்த நூலகம் இயல்பாக மின்னஞ்சலை வைத்தே பயனரைத் தேடுகிறது. மின்னஞ்சல் மாறியவர்கள் உள்ளே வந்தால் புதிய வெற்றுக் கணக்கு உருவாகிறது. அவர்களுடைய விடுப்பு விவரங்கள் பழைய கணக்கிலேயே கிடக்கின்றன. ஒருவர் பதறிப்போய் என் மேசைக்கே வந்துவிட்டார்.

மாறாத அடையாளம், உள்நுழையும்போது கீக்ளோக் தரும் டோக்கனில் (அடையாளச் சீட்டு) வரும் 'சப்' மதிப்புதான்; அது ஒவ்வொரு பயனருக்கும் உரிய தனிக் குறி. ஆனால் பழைய அட்டவணையில் அது இல்லை. முதல் முறை பணியாளர் எண்ணை வைத்துப் பொருத்தி, 'சப்'பைச் சேமித்துவிட்டு, அப்புறம் அதை மட்டுமே நம்பலாம் என்று நினைக்கிறேன். பணியாளர் எண்ணை கீக்ளோக்கில் நிர்வாகி மட்டுமே திருத்த முடியும்.

இதில் பாதுகாப்பு ஓட்டை ஏதும் இருக்கிறதா? இப்படி மாற்றியவர்கள், இரட்டைக் கணக்குகளை எப்படி ஒன்றாக்கினீர்கள் என்று சொல்லுங்கள்.