தோற்றுக்கொண்டிருக்கும் பயிற்சியாளருக்கு எதை வைத்து நேரம் கொடுப்பது?

ஏழாம் எண் சட்டை எழுதியது:

மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ஆதரவாளர்கள் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது: "ஃபெர்குசனுக்கு நேரம் கொடுத்தார்களே, இவருக்கும் கொடுத்தால் என்ன?" கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

கதை உண்மைதான், மறுக்கவில்லை. 1986 நவம்பரில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஃபெர்குசன் முதல் கோப்பையைத் தொட 1990 மே ஆகிவிட்டது. நடுவில், 1989 செப்டம்பரில், உள்ளூர் எதிரியான மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று உதை வாங்கினார். மூன்றாண்டுச் சாக்குப்போக்கு போதும், கிளம்புங்கள் என்று சொந்த ரசிகரே அரங்கில் பதாகை பிடித்தார். பிறகு 13 லீக் பட்டங்கள் வந்தன. சரி.

ஆனால் இந்தக் கதையை நம்பித்தான் 2013-இல் டேவிட் மோயஸுக்கு 6 ஆண்டு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்கள். 10 மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 2014 பிப்ரவரியில், பட்டியலின் அடியில் கிடந்த ஃபுல்ஹாமுடன் சொந்த அரங்கான ஓல்டு டிராஃபோர்டில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓரத்திலிருந்து கோல் முன்னால் தூக்கி அடிக்கும் கிராஸ்கள் மட்டும் 80-க்கும் மேல்! வலது ஓரத்திலிருந்து ஒன்று, இடது ஓரத்திலிருந்து ஒன்று, மறுபடி வலது. ஃபுல்ஹாமின் நெட்டையான தடுப்பாட்டக்காரர்கள் பந்தைத் தலையால் முட்டி முட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், கூடுதல் நேரத்தில் ஃபுல்ஹாமின் டேரன் பென்ட் கோல் போட, ஆட்டம் 2-2 என்று முடிந்தது. மோயஸுக்கு இன்னும் மூன்று ஆண்டு கொடுத்திருந்தால் கோப்பை கூடியிருக்குமா, கிராஸ் கூடியிருக்குமா?

என் கேள்வி இதுதான். காத்திருக்கத் தகுந்தவர் யார், தகாதவர் யார் என்று தோற்றுக்கொண்டிருக்கும்போதே பிரித்துப் பார்க்க வழி உண்டா? ஜெயித்த பிறகு "எனக்கு அன்றே தெரியும்" என்று வருபவர்கள் தயவுசெய்து ஒதுங்கிக்கொள்ளவும்.

எண்கணக்கன் எழுதியது:

நண்பரே, பதிலுக்கு முன் ஒரு தகவல். பாஸ் டெர் வீல் என்ற நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர், தம் நாட்டு லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார். பயிற்சியாளரை மாற்றிய பிறகு முடிவுகள் மேம்படுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதே அளவுக்குச் சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாமல் விட்ட அணிகளும் ஏறக்குறைய அதே போல மீண்டு வந்திருக்கின்றன.

தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்கும் அணிக்குப் பெரும்பாலும் கொஞ்சம் துரதிர்ஷ்டமும் கூட இருக்கிறது. கம்பத்தில் பட்ட பந்து, காயம்பட்ட கோல்கீப்பர், கடினமான எதிரணிகள் வரிசையாக வந்தது. அது எப்படியும் மாறும். மாறும் நேரத்தில் யார் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்குப் பெயர்.

வில்லா விசுவாசி எழுதியது:

சராசரிக்கு அது சரி. என் அணிக்கு இல்லை.

2022 அக்டோபரில் ஸ்டீவன் ஜெரார்டை ஆஸ்டன் வில்லா நீக்கியபோது இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்படும் கடைசி மூன்று இடங்களை ஒட்டிக்கொண்டிருந்தோம். உனாய் எமெரி வந்தார். அந்தப் பருவமே 7-ஆம் இடம். அடுத்த பருவம் 4-ஆம் இடம், ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் தகுதி. ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். இதில் துரதிர்ஷ்டம் எங்கே விலகியது? "பொறுமை, பொறுமை" என்று இருந்திருந்தால் இரண்டாம் டிவிஷனில் பொறுமையாக ஆடிக்கொண்டிருப்போம். செல்சியையும் பாருங்கள். 2012 மார்ச்சில் வில்லாஸ்-போவாஸை நீக்கி, மே மாதம் டி மட்டேயோவுடன் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. 2021 ஜனவரியில் லாம்பார்டை நீக்கி, மே மாதம் டூகலுடன் மறுபடியும் அதே கோப்பை. பொறுமைக்கு யாரும் பதக்கம் கொடுப்பதில்லை.

ஓரக்கோடு எழுதியது:

வில்லா விசுவாசி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதைப் பொறுமைக்கும் அவசரத்துக்கும் நடுவிலான வழக்காக மாற்றிவிட்டால் விடை கிடைக்காது. பிரென்ட்ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள், கேட்டவரின் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான கிளப் எனக்குத் தெரியவில்லை.

2018 அக்டோபரில், பிரென்ட்ஃபோர்டு இரண்டாம் டிவிஷனில் இருந்தபோது, தாமஸ் ஃபிராங்க் அங்கே துணைப் பயிற்சியாளர் நிலையிலிருந்து தலைமைக்கு வந்தார். முதல் 10 ஆட்டங்களில் 8 தோல்வி. எந்தக் கிளப்பாக இருந்தாலும் அவர் பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும். பிரென்ட்ஃபோர்டு அசையவில்லை. 2021-இல் பிரீமியர் லீக்குக்கு ஏறினார்கள். உடனே "ஆகா, பொறுமையின் பலன்" என்று எழுதத் தோன்றும். ஆனால் இதே கிளப் 2015-இல் என்ன செய்தது? மார்க் வார்பர்ட்டன் அணியை 5-ஆம் இடத்துக்குக் கொண்டுபோய், மேல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் ஆட்டங்களில் நிறுத்தினார். அவருடன் உறவை முறித்துக்கொண்டார்கள். அடுத்து வந்த மரினஸ் டைக்ஹவுசனை 9 ஆட்டங்களிலேயே நீக்கினார்கள். ஜெயித்தவர் போனார், தோற்றவர் நின்றார்.

அதன் உரிமையாளர் மாத்யூ பென்ஹாம் பந்தயக் கணிப்புத் தொழிலில் பணம் சேர்த்தவர். அவருக்குப் புள்ளிப் பட்டியல் தாமதமாக வரும் கடிதம். அணி உருவாக்கும் வாய்ப்புகள் எத்தனை, அவற்றின் தரம் என்ன, எதிரணிக்கு விட்டுக்கொடுப்பவை எப்படி என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே ஃபிராங்குக்குக் கொடுத்தது குருட்டு நம்பிக்கையில் கொடுத்த அவகாசம் இல்லை.

எண்கள் இல்லாத ரசிகன் என்ன செய்வது? நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். ஒன்று, பயிற்சியாளர் யாரை இறக்குகிறார், யாரை வெளியே உட்காரவைக்கிறார். 2020 டிசம்பரில் ஆர்சனல் லீக்கில் தொடர்ந்து 7 ஆட்டம் வெற்றியின்றி 15-ஆம் இடத்தில் கிடந்தது. 26-ஆம் தேதி செல்சியுடன் ஆட்டம். ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்டெட்டா எமில் ஸ்மித் ரோ என்ற இளைஞரை நடுகளத்துக்கும் முன்களத்துக்கும் இடையில் இறக்கினார். அவர் பந்தை வாங்கியதும் திரும்பினார். இதுவரை பந்தைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டிருந்த அணி முன்னால் ஓடத் தொடங்கியது. 3-1 வெற்றி. அந்தப் பருவமும் 8-ஆம் இடம்தான்; அடுத்த பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லாமல் தோற்று அடிமட்டத்துக்கும் போனார்கள். ஆனால் அணி எந்தத் திசையில் போகிறது என்பது அன்றைக்கே தெரிந்தது.

இரண்டாவது, வாங்கும் ஆட்டக்காரர்கள் யாருடைய திட்டத்துக்கானவர்கள். இங்கேதான் உங்கள் யுனைடெட் வருகிறது, ஏழாம் எண் சட்டை. கோபிக்க வேண்டாம். 2024 ஜூலையில் பயிற்சியாளர் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். முன்பு நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பில் அவரிடம் ஆடிய டி லிஹ்ட்டையும் மஸ்ராவியையும் வாங்கினார்கள். அக்டோபரில் அவரையே நீக்கினார்கள்! நவம்பரில் வந்த அமோரிம் பின்வரிசையில் மூவரை வைத்து ஆடுபவர். அதற்கு இரு ஓரங்களிலும் மேலும் கீழும் ஓடும் ஆட்கள் வேண்டும். நால்வர் பின்வரிசைக்காகச் சேர்த்த அணியில் அவர்கள் இல்லை. பருவத்தின் நடுவில் ஓரத்தில் ஓடும் டோர்குவைத் தேடிப்பிடித்து வாங்கினார்கள். பருவம் 15-ஆம் இடத்தில் முடிந்தது. பயிற்சியாளர் ஒரே நாளில் போய்விடுவார். அவருக்காக வாங்கியவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

ஃபிரைபுர்க் 2015-இல் ஜெர்மன் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. பயிற்சியாளர் கிறிஸ்டியன் ஷ்ட்ரைஷ் அங்கேயே இருந்தார். மறு ஆண்டே இரண்டாம் டிவிஷன் பட்டத்தோடு மேலே வந்தார்கள். 2024-இல் அவராகவே விலகியபோது, அந்த அணியின் முன்னாள் கேப்டன் யூலியான் ஷூஸ்டரை அமர்த்தினார்கள். ஆள் மாறினாலும் அணியைக் கலைத்துப் போட வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை.

ஏழாம் எண் சட்டை எழுதியது:

கோபம் இல்லை ஐயா. டைக்ஹவுசன் கதை எனக்குப் புதிது. ஆனால் உங்கள் இரண்டாவது சோதனையில் மாட்டுகிறவர் பயிற்சியாளர் இல்லையே, ஒப்பந்தத்தை நீட்டித்த இயக்குநர்கள் அல்லவா? அவர்களுக்கு யார் பதாகை பிடிப்பது? 2016-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற பயிற்சியாளர் வான் ஹாலை இரண்டு நாளில் அனுப்பியவர்கள், 2024-இல் அதே கோப்பையைக் காரணம் காட்டி டென் ஹாக்கை வைத்துக்கொண்டார்கள். எந்தக் கணக்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வில்லா விசுவாசி எழுதியது:

ஓரக்கோடு சொன்ன எமில் ஸ்மித் ரோ சோதனையை ஏற்கிறேன். ஜெரார்டின் கடைசி மாதங்களில் அப்படி ஒரு ஆட்டம்கூட நினைவில் இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும். 2019 அக்டோபரில் சவுத்தாம்ப்டன் சொந்த அரங்கில் லெஸ்டரிடம் 9-0 என்று தோற்றது. பயிற்சியாளர் ஹாசன்ஹியூட்டலை வைத்துக்கொண்டார்கள்; 11-ஆம் இடம் பிடித்தார். எல்லோரும் புகழ்ந்தார்கள். 2021 பிப்ரவரியில் மறுபடியும் 9-0, இந்த முறை ஏழாம் எண் சட்டையின் அணியிடம். அப்போதும் வைத்துக்கொண்டார்கள். 2022 நவம்பரில் நீக்கி, வந்தவரையும் மூன்று மாதத்தில் நீக்கி, கடைசி இடத்தில் முடிந்து கீழே போனார்கள். இதில் எந்த முடிவு தவறு?

ஓரக்கோடு எழுதியது:

மூன்றாவது, 2022 நவம்பரில் எடுத்தது. ஹாசன்ஹியூட்டலுக்காகக் கூட்டிய இளம் அணியை வேறு மாதிரி ஆடவைக்கும் ஒருவரிடம் பருவத்தின் நடுவில் ஒப்படைத்தார்கள். முதல் 9-0-க்குப் பிறகு அவரை வைத்துக்கொண்டது சரி. இரண்டாவதில், தொடக்கத்திலிருந்தே பத்துப் பேரோடும், கடைசியில் ஒன்பது பேரோடும் ஆடிய ஆட்டம் அது. இரண்டு சிவப்பு அட்டை. அதை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது.