ஸ்மார்ட் பரப்பு: 'துலங்குபரப்பு' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமை மொரீஷியஸில் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. கட்டடத்தைக் குளிர்ச்சியாகவும் அழுக்கில்லாமலும் வைத்திருக்கும் ஸ்மார்ட் பரப்புகளைப் பற்றித் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் அட்டை எழுதுகிறார்கள். கியூர்பிப் மழையில் சுவர் கறுத்துப் பாசி பிடிப்பதையும், போர்ட் லூயிசில் கான்கிரீட் தால் (தட்டைக் கூரை) இரவிலும் அனல் விடுவதையும் பார்த்து வளரும் பிள்ளைகள். பொருள் உடனே புரிந்துவிட்டது, பெயர்தான் அமையவில்லை.

'ஸ்மார்ட்' என்பதற்கு இந்தக் குழுவில் ஓர் ஐயா முன்பு சொன்ன 'சூட்டிகைப் பரப்பு' நல்ல சொல்தான். ஆனால் "இது சூடாக்குமா, மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டது. குளிர வைக்கும் பொருளின் பெயரில் சூடு காதில் விழக் கூடாது.

இங்கே சொல்லப்பட்ட 'தாமரைப் பூச்சு' என்பதும் அழகு. தாமரை இலைத் தண்ணீர் நமக்குப் பழகிய உவமை. இலையின் நுண்ணிய மெழுகுப் புடைப்புகளில் நீர் ஒட்டாமல் முத்தாக உருண்டு அழுக்கையும் கூட்டிக்கொண்டு போவதை ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்ட்லாட் விளக்கினார். டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய கண்ணாடியோ நேர்மாறு. வெயிலின் புறஊதா பட்டதும் அழுக்கைச் சிதைக்கும். மழைநீர் துளியாக நிற்காமல் ஏடுபோலப் பரவிக் கழுவிவிடும். அதையும் தாமரை என்றால் தப்பான பாடம் ஆகிவிடும்.

என் பரிந்துரை 'துலங்குபரப்பு'. தூண்டல், துலங்கல் என்று பாடநூலில் படித்தோமே, தூண்டலுக்குக் காட்டும் எதிர்வினையான அந்தத் துலங்கல். ஒளி தூண்டினால் கண்ணாடி துலங்குகிறது. கண்ணாடியில் பூசும் வனேடியம் டை ஆக்சைடு 68 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் வெப்பம் தரும் அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பத் தொடங்கும், அதுவும் துலங்கல்தான். அப்புறம், குத்துவிளக்கைத் துலக்குகிறோம், அது துலங்குகிறது. சுத்தமும் அதே சொல்லுக்குள் இருக்கிறது!

மறுமொழி:

அம்மா, சொல் இனிமையாக இருக்கிறது, ஆனால் முழுதாகப் பொருந்தவில்லை. 1960இல் கேரல் புயல் வீடுகளை அழித்த பிறகு இந்தத் தீவில் கான்கிரீட் வீடுகள் பெருகின. அந்தத் தால்களுக்கு இன்று வேண்டியது வெள்ளைப் பூச்சு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021இல் காட்டிய பேரியம் சல்பேட் பூச்சு வெயிலில் 98.1 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. பகலோ இரவோ அது மாறுவதில்லை. எதற்கும் துலங்காத ஒன்றைத் துலங்குபரப்பு என்பது எப்படி? 'ஸ்மார்ட் பூச்சு' என்றே எழுதுங்கள், பார்க்க வரும் பெற்றோருக்கும் புரியும்.

மறுமொழி:

ஐயா, வெள்ளைப் பூச்சைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதை மட்டும் பிரித்துத் 'தண்பூச்சு' என்று வேறு அட்டையில் வைக்கிறேன். தண்ணீரில் இருக்கும் தண்தானே, பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். 'ஸ்மார்ட்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 'குளிர்பூச்சு' போதும் என்று மூன்று பேர் தனியாக எழுதியிருக்கிறார்கள், அதையும் யோசிக்கிறேன். நாளை காலை பிள்ளைகள் அட்டைக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். வேறு சொல் இருந்தால் இன்றிரவே எழுதுங்கள்.